கன்வெர்ட்டர் போன வண்டி: புதுசா, பழசா, வெறும் டப்பாவா?

ஆரல்வாய்மொழியில் எதிர்க்காற்று அடித்தால் சின்ன வண்டி முக்கத்தான் செய்யும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அதனால் போன ஆடியில் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது என் வண்டி நாலாவது கியரில் இழுக்காமல் முனகியபோது காற்றைத்தான் திட்டினேன். நாகர்கோவில் தாண்டியும் முனகியது. தக்கலை வந்தும் முனகியது. தக்கலையில் ஏது அந்தக் காற்று?

அடுத்த மாதம் புகை சர்டிஃபிகேட் முடிந்தது. வழக்கமாகப் போகும் இடத்தில் இருந்த பையன் சைலன்சருக்குள் குழாயைச் செருகினான். திரையைப் பார்த்தான். உருவி எடுத்து மறுபடியும் செருகிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது ஏறாது" என்றான். கார்பன் மோனாக்சைடு 0.62 சதவீதம், ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 318 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 318 பங்கு. என்னுடையது 2014 மாடல் பெட்ரோல் கார், பிஎஸ் 4, அதாவது பாரத் ஸ்டேஜ் 4 புகை விதிக்கு உட்பட்டது. அதற்கு ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் சும்மா ஓடும்போது, அனுமதி 0.3 சதவீதமும் 200 பிபிஎம்மும்தான்.

புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் போய்விட்டது என்று எல்லாரும் முடிவு கட்டி, அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து யோசனைகள் வந்து சேர்ந்தன. கம்பெனியில் புது கன்வெர்ட்டர் போடு. வெளி மார்க்கெட் சாமான் போடு. பழையது ஒன்று பார்த்து வாங்கு. உள்ளே இருப்பதைக் குத்தி எடுத்துவிட்டு டப்பாவை மட்டும் மாட்டு. பேசாமல் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடு. ஆறாவது, பக்கத்து வீட்டு மாமா சொன்னது: "களியக்காவிளை தாண்டிப் போனா பாறசாலையில எடுத்துத் தருவாவ."

மாமா சொன்னதை இங்கேயே முடித்துவிடலாம். புகை அளவுகள் மத்திய மோட்டார் வாகன விதிகளில், 115ஆம் விதியில் இருப்பவை. நாகர்கோவிலுக்கு ஒன்று, கேரளத்துப் பாறசாலைக்கு ஒன்று என்று கிடையாது. நம்பர் பிளேட்டோடு படம் எடுத்து, ரிசல்ட் நேராக அரசின் வாகன் இணையதளத்தில் ஏறுகிறது. அங்கே எடுத்த சர்டிஃபிகேட் இங்கேயும் செல்லும், அது சரிதான். ஆனால் அங்கே தேறும் வண்டி இங்கேயும் தேறியிருக்கும். எல்லை தாண்டினால் மீன் விலை மாறும், புகையின் அளவு மாறாது.

ஒரு பைசா செலவழிக்கும் முன்பு உங்கள் வண்டி எந்த அளவுக்கு உட்பட்டது என்று பாருங்கள். அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எமிஷன் நார்ம்ஸ் என்று ஒரு வரி வரும். நம் பக்கத்தில் இதில் ஒரு குழப்பம் உண்டு. 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களுக்குத்தான் வந்தது. நாகர்கோவிலும் இல்லை, திருவனந்தபுரமும் இல்லை. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து, 2017 ஏப்ரல் 1 முதல்தான் நாடு முழுக்கக் கட்டாயமானது. ஆகவே ஒரே வருஷத்து, ஒரே மாடல் வண்டிகளில் ஒன்று பிஎஸ் 3 ஆகவும் இன்னொன்று பிஎஸ் 4 ஆகவும் இருக்கலாம். பிஎஸ் 3 என்றால் அனுமதி 0.5 சதவீதம், 750 பிபிஎம். என் வண்டி அந்தக் கணக்கிலும் தேறியிருக்காது என்பது வேறு விஷயம். பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளுக்கு இன்னொரு சோதனையும் உண்டு: ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 ஆர்பிஎம்மில் நிறுத்தி வைக்கும்போது மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள்ளும், லாம்டா என்கிற காற்று-பெட்ரோல் விகித எண் 0.97க்கும் 1.03க்கும் நடுவிலும் இருக்க வேண்டும். கஷ்டத்துக்குப் பலனாக, பிஎஸ் 4, பிஎஸ் 6 வண்டிகளுக்குச் சர்டிஃபிகேட் ஒரு வருஷத்துக்குச் செல்லும். மற்ற வண்டிகளுக்கு ஆறு மாதம்தான்.

எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் மார்த்தாண்டம் போகிற வழியில் இருக்கிறார். எல்லாரும் ஆசான் என்றுதான் கூப்பிடுவோம். யோசனைகளை வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றுதான்: "கன்வெர்ட்டர் தானா சாவாது மக்கா. யாரு கொன்னான்னு பாத்தியா?"

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், ஆசானின் இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். கன்வெர்ட்டர் என்பது ஸ்டெயின்லெஸ் டப்பாவுக்குள் இருக்கும் பீங்கான் தேன்கூடு. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்குத் தேன்கூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், வீட்டுக்கு வீடு பெட்டி வைத்திருப்பார்கள். இந்தக் கூட்டின் அறைகள் அதைவிட மிகச் சின்னவை, ஒரு சதுர அங்குலத்துக்கு 400 என்பது சாதாரணம். அறைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மூன்றும் மெல்லிய பூச்சாக இருக்கும். சூடு ஏறியதும் அந்தப் பூச்சு மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாத பெட்ரோலை நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றிவிடும். உலோகம் தேயாது, தீராது. என்ஜின் ஒழுங்காக இருந்தால் லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் வேலை செய்யும்.

கொல்வது மூன்று விஷயங்கள். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயரானால், அதாவது அதில் பெட்ரோல் பற்றாமல் போனால், எரியாத பெட்ரோல் அப்படியே போய்க் கன்வெர்ட்டருக்குள் எரியும். 400 முதல் 800 டிகிரி வரை தாங்கி வேலை செய்யும் கூடு அந்தச் சூட்டில் உருகி அடைத்துக்கொள்ளும். என்ஜின் ஆயில் தின்றால், ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின் மேல் படிந்து அதை மூடிவிடும். ஹெட் கேஸ்கட் கசிந்து கூலன்ட் உள்ளே போனாலும் இதே கதி. ஒரு காலத்தில் பெட்ரோலில் இருந்த ஈயமும் இந்தப் பட்டியலில் இருந்தது. 1995இல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வரவேண்டியிருந்தது அதனால்தான். நாடு முழுக்க அது வந்தது 2000 பிப்ரவரியில். இவை போக, நம் ஊர் வேகத்தடைகளில் அடி தட்டி உடையும் கன்வெர்ட்டர்களும் உண்டு. அது அடிபட்ட சாவு, கணக்கு வேறு.

என் கன்வெர்ட்டரைக் கொன்றவன் மூன்றாவது சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில். ஸ்கேனரில் இரண்டு பிழைக் குறியீடுகள் வந்தன: மிஸ்ஃபயருக்கு ஒன்று, கன்வெர்ட்டர் திறன் குறைவு என்பதற்கான பி 0420 இன்னொன்று. செக் என்ஜின் லைட் இரண்டு மாதமாக எரிந்துகொண்டிருந்தது. நடுவில் சில நாள் மினுக்கவும் செய்தது. மினுக்கினால் வண்டியை ஓரம் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குப் போகிறது என்று அந்த லைட் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நான் பாட்டு கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

காயிலும் நாலு பிளக்கும் மாற்ற 3,700 ரூபாய் ஆனது. அதோடு மறுபடி புகை டெஸ்டுக்குப் போகச் சொன்னார் ஆசான், கன்வெர்ட்டரைத் தொடாமலே. ஹைட்ரோகார்பன் 190க்கு இறங்கிவிட்டது. மோனாக்சைடு மட்டும் 0.41இல் நின்றது. இந்த இடத்தில் சிலருக்கு அதிர்ஷ்டம் இருக்கும், இதோடு தேறிவிடும். அதனால்தான் முதலில் இதைச் செய்யச் சொல்கிறேன். அந்தச் சீட்டில் வரும் எண்களே பாதி ரோகத்தைச் சொல்லிவிடும். ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் மிஸ்ஃபயர் பக்கம் போங்கள். மோனாக்சைடு ஏறி லாம்டா 1க்குக் கீழே இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது: ஏர் ஃபில்டர், கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர் இவற்றைப் பாருங்கள். லாம்டா 1.03ஐத் தாண்டினால் பெரும்பாலும் எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை, வெளிக்காற்று கலக்கிறது. லாம்டா சரியாக இருந்து மோனாக்சைடு மட்டும் அடங்கவில்லை என்றால்தான் கன்வெர்ட்டர்மேல் கை வைக்க வேண்டும்.

அதற்கும் மேலே ஒரு உறுதி வேண்டும். ஆசான் முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டை திறந்தபடியே ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினார். காது கிழியும் சத்தம், ஆனால் பழைய பிக்கப் அப்படியே திரும்பி வந்திருந்தது. அடைப்பு பின்னால் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கழற்றி இறக்கி ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்தோம். மறுபக்கம் நிலா மாதிரி வெளிச்சம் தெரிய வேண்டும். தெரிந்தது ஓரத்தில் ஒரு பிறை மட்டும். நடுவில் கூடு உருகி, ஆறிப்போன மெழுகு மாதிரி பளபளவென்று கட்டியாகிக் கிடந்தது. அதைத் தட்டினால் உள்ளே கலகலவென்று துண்டுகள் ஆடின.

பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இதற்கு உதவாது. கரி படிந்ததை அது கொஞ்சம் கரைக்கலாம். காவல்கிணறு தாண்டி நாலுவழிச் சாலையில் மூன்றாவது கியரில் அரை மணி நேரம் ஓட்டினாலும் அந்தக் கரி எரிந்துவிடும், அதற்குச் செலவு பெட்ரோல் மட்டும். உருகின கூட்டை எந்த மருந்தும் திருப்பித் தராது.

சரி, மாற்றியே ஆக வேண்டும். என்னிடம் சொல்லப்பட்ட விலைகள் இவை. கம்பெனி சாமான், கேஸ்கட், கூலி எல்லாம் சேர்த்து 41,000. என் மாடலுக்கென்றே செய்த வெளி மார்க்கெட் சாமான், கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வர 13,500, கூலி தனி. எந்த வண்டிக்கும் வெட்டி ஒட்டும் யுனிவர்சல் டப்பா வெல்டிங்கோடு 9,000. பழையது 6,000. குத்தி எடுத்துத் தர 1,500. உங்கள் மாடலுக்கு எண்கள் மாறும், ஏணியின் படிகள் இதே வரிசையில்தான் இருக்கும்.

கீழ்ப்படியிலிருந்து வருகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் பேர் விழுவது அதில்தான். குத்தி எடுத்தால் பிக்கப் உடனே வந்துவிடும், அதனால் வண்டிக்காரர் சந்தோஷமாகப் போய்விடுவார். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது ஆக்சிஜன் சென்சார் கூச்சல் போட்டு லைட் எரியும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: சென்சாருக்கு அடியில் ஒரு ஸ்பேசர் கொடுத்துப் புகையிலிருந்து தள்ளி நிறுத்தினால் லைட் அணைந்துவிடும். ஆனால் புகை டெஸ்ட் மெஷின் உங்கள் சென்சாரைக் கேட்பதில்லை, சைலன்சர் வாயில்தான் மூக்கை வைக்கிறது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு நல்ல என்ஜினே மோனாக்சைடு அரை சதவீதம், ஒரு சதவீதம் என்றுதான் கக்கும். பிஎஸ் 4 வண்டி வெறும் டப்பாவோடு 0.3க்குள் வருவது குதிரைக்கொம்பு. பெட்ரோலைக் குறைத்து மோனாக்சைடை அடக்கலாம் என்று ஒரு தந்திரம் சொல்வார்கள். 2,500 ஆர்பிஎம்மில் பார்க்கும் லாம்டா அதைப் பிடித்துவிடும்.

பிடிபடாமல் போனாலும் சட்டம் சும்மா இல்லை. செல்லுபடியாகும் புகை சர்டிஃபிகேட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ, அதோடு லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கவும் இடமுண்டு. வண்டியை அனுமதியில்லாமல் மாற்றியதற்கு 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000. மூன்றாவதாக ஒரு கணக்கு இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. 1,500 ரூபாய்க்கு நெருப்பாகச் சுடும் குழாயைக் கழற்றி, வெட்டி, குத்தி, ஒட்டித் தருகிற வேலைக்கு ஏன் இவ்வளவு குறைந்த கூலி? அப்படி ஒருவர் எனக்குச் சொன்னபோது, "குத்தி எடுக்கிறதை என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேட்டேன். "குப்பையில போடுவேன்" என்றார். பிளாட்டினமும் ரோடியமும் இருக்கும் குப்பை. நானே அள்ளிக்கொண்டு போகிறேன் என்றதும் கூலி 3,000 ஆகிவிட்டது.

பழைய கன்வெர்ட்டர் விஷயத்தில் எனக்கு அரை மனசுதான். முன்பக்கம் மோதி ஸ்கிராப்புக்கு வந்த வண்டியிலிருந்து, என்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்று தெரிந்து கழற்றியது கிடைத்தால் லாபம்தான், கம்பெனிப் பூச்சே அதில் இருக்கும். ஆனால் மோதாத வண்டியிலிருந்து ஒருவர் கன்வெர்ட்டரை ஏன் கழற்றினார்? ஒன்று, அது போய்விட்டது. இல்லையென்றால், அது அவருடைய வண்டியே இல்லை. ஈக்கோ வேன்களின் சைலன்சரைக் குறிவைத்துப் பல மாநிலங்களில் திருட்டு நடந்தது உள்ளே இருக்கும் உலோகத்துக்காகத்தான். சென்னை புதுப்பேட்டை போல பழைய உதிரி பாகம் மலையாகக் குவிந்த இடத்தில் வாங்கினாலும் சரி, இங்கே உள்ளூர் ஆக்கர் கடையில், அதாவது பழைய இரும்புக் கடையில், வாங்கினாலும் சரி, பில் கேளுங்கள், டார்ச் அடித்துப் பாருங்கள், குலுக்கிப் பாருங்கள். டப்பாவில் பொறித்த எண் உங்கள் மாடலுடையதா என்று பாருங்கள். பூச்சு உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும் மாட்டி ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். தேறாவிட்டால் பணம் திரும்ப வரும் என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம். எனக்கு யாரும் எழுதித் தரவில்லை.

யுனிவர்சல் டப்பாவை ஆசான் தொடவே மறுத்தார். வெல்டிங்கில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று கலந்து லாம்டா கெடும் என்பது ஒரு காரணம். இடம் இன்னொரு காரணம். கன்வெர்ட்டர் வேலை தொடங்க 250, 300 டிகிரியாவது வேண்டும். என் மாடலில் அது என்ஜினுக்கு ஒட்டி மேலே இருக்கிறது, அதனால் சீக்கிரம் சூடாகும். வெட்டி ஒட்டுகிறவர் வசதிக்காக அதைக் கீழே, பின்னால் தள்ளிவிட்டால், தக்கலையிலிருந்து பத்மநாபபுரம் போய் வரும் சின்ன ஓட்டத்துக்கு அது சூடாகவே செய்யாது. அடியில் நிலத்தை ஒட்டி இருப்பதால் வேகத்தடைக்கும் பக்கத்தில்.

ஆக மிச்சம் இருப்பது இரண்டு: கம்பெனி சாமான், மாடலுக்கென்று செய்த வெளி சாமான். இங்கேதான் உண்மையான தேர்வு. இதற்கு விடை வண்டியில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. என் வண்டிக்கு 2029இல் 15 வருஷம் முடிகிறது. அப்போது வண்டியைக் காட்டி எஃப்சி என்கிற தகுதிச் சான்று எடுத்து, ஆர்சியை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க எனக்கு எண்ணமில்லை. மாதத்துக்கு 600 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். இந்த நிலையில் 41,000 என்பது வண்டி இன்று விற்றால் கிடைக்கும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு. கம்பெனி சாமான் நல்லது என்பதில் சந்தேகமே இல்லை. நல்ல சாமானை 2029க்குப் பிறகு வேறொருவர் ஓட்டுவார், அவ்வளவுதான்.

என் மச்சானுக்கு நான் சொன்னது இதற்கு நேர் எதிர். அவன் குளச்சலில் இருக்கிறான், 2021 பிஎஸ் 6 வண்டி. பிஎஸ் 6 வண்டியின் கம்ப்யூட்டர் கன்வெர்ட்டரின் திறனை மிக நெருக்கமாகக் கண்காணிக்கும். பூச்சு மெலிந்த வெளி சாமான் டெஸ்டில் தேறினாலும் லைட் எரிந்துகொண்டே இருக்க வாய்ப்பு அதிகம். இன்னும் பத்து வருஷம் ஓட வேண்டிய வண்டி வேறு. அப்படிப்பட்டவர்கள் கம்பெனி பக்கமே போங்கள். போகும் முன்பு வாரண்டி புத்தகத்தில் எமிஷன் வாரண்டி என்று தனியாக ஏதாவது பக்கம் இருக்கிறதா என்று தேடுங்கள், எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுத்திருந்தால் அதையும். மச்சான் பிரச்சினை கடைசியில் கன்வெர்ட்டரே இல்லை. கடற்கரை உப்புக் காற்றில் ஃபிளாஞ்ச் போல்ட் துருப்பிடித்து இற்று, இணைப்பில் காற்று கசிந்திருக்கிறது. இரண்டு போல்ட், ஒரு கேஸ்கட், அரை நாள். முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் இருப்பவர்கள் வண்டியை லிஃப்டில் ஏற்றும்போதெல்லாம் அந்த போல்ட்டுகளை ஒரு பார்வை பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்குப் புகையின் கருமைதான் அளவு, பிஎஸ் 6 டீசலில் ஃபில்டர் வேறு இருக்கிறது. வண்டியை விற்றுவிடலாம் என்ற யோசனையையும் பார்த்தேன். லைட் எரியும், புகை சர்டிஃபிகேட் இல்லாத வண்டிக்கு மார்த்தாண்டத்தில் விலை கேட்டால், ரிப்பேர் செலவைப்போல மூன்று மடங்கைக் கழித்துக்கொண்டு பேசினார்கள்.

வெளி சாமான் வாங்குபவர்கள் கடைக்காரரிடம் ஃபோனிலேயே கேட்டுவிடுங்கள். என் மாடலுக்கு அப்படியே பொருந்துமா, ஒட்ட வேண்டுமா? பிஎஸ் 4க்குச் செய்ததா, பிஎஸ் 3க்கா? இந்தக் கேள்விதான் விலையைத் தீர்மானிக்கிறது, ஏனென்றால் மலிவான சாமானில் குறைப்பது தகரத்தை அல்ல, பூச்சில் இருக்கும் உலோகத்தை. ஸ்டெயின்லெஸ்ஸா, பெயிண்ட் அடித்த இரும்பா? நம் உப்புக் காற்றுக்கு இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்காது, நமக்கு வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். வாரண்டி எத்தனை மாதம், ஜிஎஸ்டி பில்லில் எழுதித் தருவீர்களா? எனக்கு ஒரு வருஷம் எழுதித் தந்தார்கள்.

மாட்டிய அன்றே டெஸ்டுக்கு ஓடாதீர்கள். புதுக் கூட்டைச் சுற்றியிருக்கும் பஞ்சுப் பாய் முதல் சூட்டில் கொஞ்சம் புகையும், வீட்டில் எல்லாரும் பயப்படுவார்கள். இரண்டு நாள் ஓட்டுங்கள். ஆயில் மாற்ற நாள் வந்திருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள், பழைய ஆயிலில் கலந்திருக்கும் பெட்ரோல் ஆவியும் எண்ணை ஏற்றும். டெஸ்டுக்குப் போகும்போது சூடு முக்கியம். நான் தக்கலையிலிருந்து வில்லுக்குறி, தோட்டியோடு வழியாக நாகர்கோவில் வரை ஒரு கியர் குறைத்து ஓட்டிக்கொண்டு போனேன். முன்னால் இரண்டு வண்டி நின்றது, என்ஜினை அணைக்கவில்லை. வெறும் ஐடிலில் ரொம்ப நேரம் நின்றாலும் கூடு ஆறும் என்பதால் முறை வரும் முன்பு ஒரு நிமிஷம் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடித்தேன். ஏசியை அணைத்தேன். கொட்டும் மழையில் போகாதீர்கள் என்பதும் ஆசான் சொன்னது, தேங்கின தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு போனால் ஏற்றிய சூடெல்லாம் அதிலேயே போய்விடும்.

ஐடிலில் மோனாக்சைடு 0.04, ஹைட்ரோகார்பன் 27. மிதித்தபோது 0.03, லாம்டா 1.01. பையன் இந்தத் தடவை ஒரே முறைதான் செருகினான். காயில், பிளக், கன்வெர்ட்டர், கூலி, இரண்டு தடவை டெஸ்ட் எல்லாம் சேர்த்து 19,200 ரூபாய். லைட் மினுக்கிய அன்றே நின்றிருந்தால் 3,700. நைட்ரஜன் ஆக்சைடை இந்த டெஸ்ட் அளப்பதே இல்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நல்ல கன்வெர்ட்டர் அதையும் பிடிக்கும், அதற்கு மார்க் போட ஆள் இல்லை.

பழைய கன்வெர்ட்டரைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். என்னுடையதை ஒரு சாக்கில் சுற்றி ஆக்கர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் தூக்கிப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தார், இரும்பு விலைக்குக் கணக்குப் போட்டு 140 ரூபாய் எடுத்து நீட்டினார். "அண்ணே, இது சைலன்சர் இல்ல, கன்வெர்ட்டர்" என்றேன். நீட்டிய கை அப்படியே மடங்கியது. உள்ளே போய் யாருக்கோ ஃபோன் போட்டார். டப்பாவில் பொறித்திருந்த எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினார். திரும்பி வந்து, "டீ குடிக்கியளா?" என்று கேட்டார். 3,200 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். அந்த டீக்கான பணத்தையும் அவரே கொடுத்ததைப் பார்த்தால், இன்னும் ஒரு ஆயிரம் கேட்டிருக்கலாம் போலிருக்கிறது.